அம்மாவுக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு: வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

வாசல்படி (கேள்வி; கீழே ஒவ்வொரு பதிலுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

அம்மாவுக்கு 63 வயசு. நேத்து காலையில வாசல் தெளிச்ச ஈரத்துல வழுக்கி, வலது கையை ஊனி விழுந்துட்டாங்க. மணிக்கட்டுக்குப் பக்கத்துல எலும்பு முறிஞ்சு லேசா விலகியிருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, இழுத்துச் சேர்த்து, உள்ளங்கையிலேர்ந்து முழங்கைக்குக் கீழ வரைக்கும் சிலாப் வெச்சுத் துணி சுத்தி அனுப்பிட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு முழு மாவுக்கட்டு, மொத்தம் 6 வாரம்னு சொன்னாங்க. கூட்டம் அதிகம், வேற எதுவும் கேக்க முடியல.

இப்ப என் சந்தேகம்:

விரலெல்லாம் வீங்கி உருண்டையா இருக்கு. இது சகஜமா, கட்டு இறுக்கமா? மாவு இன்னும் ஜில்லுனு ஈரமாவே இருக்கே, எப்ப காயும்? குளிக்கறது எப்படி? உள்ள அரிச்சா என்ன செய்ய? வர்ற சொந்தக்காரங்க எல்லாம் "விரலைக்கூட அசைக்காதே, எலும்பு விலகிடும்"னு பயமுறுத்திட்டுப் போறாங்க. அது உண்மையா?

கட்டறை

முதல் மூணு நாள் எலும்பை மறந்துட்டு வீக்கத்தைப் பாருங்க. முறிஞ்ச இடம் 48 முதல் 72 மணி நேரம் வரைக்கும் வீங்கிக்கிட்டே போகும். மாவு இறுகினப்புறம் விரியாது. அதனாலதான் முதல்லயே முழுசா சுத்தாம, ஒரு பக்கம் மட்டும் மாவுப்பலகை மாதிரி வெச்சு மறுபக்கம் பஞ்சும் துணியுமா விடறாங்க. அதுதான் சிலாப்.

விரல் வீக்கம் ஓரளவு சகஜம். குறைக்கிற வழி, கையை நெஞ்சுக்கு மேல வெக்கிறது. படுக்கும்போது முழங்கைக்கு ஒரு தலையணை, கைக்கு ரெண்டு. உட்காரும்போது கை மடியில கிடந்தா பிரயோஜனமில்லை, நாற்காலிக் கைப்பிடி மேல தலையணையை அடுக்கி அதுல ஏத்தி வைங்க. கழுத்துத் தூளியில எல்லாரும் செய்யற தப்பு, துணி மணிக்கட்டோட முடிஞ்சு விரல் கீழ தொங்கறது. துணி சுண்டுவிரல் நுனி வரைக்கும் தாங்கணும், விரல் முழங்கையை விட உயரமா இருக்கணும். முடிச்சைப் பின்கழுத்து எலும்பு மேல போடாதீங்க, பக்கவாட்டுல தள்ளிப் போடுங்க.

அந்தக் கையில மோதிரம், வளையல், கோயில் கயிறு எது இருந்தாலும் இன்னிக்கே எடுத்துடுங்க. வீங்கின விரல்ல மோதிரம் மாட்டிக்கிட்டா விரலுக்கே ஆபத்து. சோப்பு போட்டும் வரலன்னா ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்துடுவாங்க. பவுனைப் பாக்க வேண்டாம்.

ரத்த ஓட்டம் பாக்க: நகத்தை அழுத்தி விடுங்க. வெளுக்கும், விட்டதும் ரெண்டு நொடிக்குள்ள பழைய ரோஸ் நிறம் வரணும். இடது கையையும் அழுத்தி ஒப்பிடுங்க. முதல் ரெண்டு நாள் ரெண்டு மணிக்கொருதரம் பாருங்க. அம்மா மருதாணி வெச்சிருந்தா நகத்துல நிறம் தெரியாது. அப்ப விரலைத் தொட்டு மத்த கை மாதிரி வெதுவெதுன்னு இருக்கா, கண்ணை மூடச்சொல்லி ஒவ்வொரு விரலா தொட்டா எதுன்னு சரியா சொல்றாங்களான்னு பாருங்க.

இதை மட்டும் எழுதி வெச்சுக்கோங்க: கையைத் தூக்கி வெச்சு, மாத்திரையும் போட்டு, அப்புறமும் வலி ஏறிக்கிட்டே போனா, அல்லது நீங்க அவங்க விரலை மெதுவா நிமிர்த்தினாலே முன்கையில உயிர் போற மாதிரி வலிச்சா, காலை வரைக்கும் காத்திருக்காதீங்க. தசைக்குள்ள அழுத்தம் ஏறி ரத்தம் நிக்குதுன்னு அர்த்தம். சில மணி நேரத்துலயே தசை நிரந்தரமா கெட்டுப்போகலாம். நாடி துடிக்குதேன்னு சமாதானம் ஆகவும் கூடாது, நாடி கடைசியிலதான் நிக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி மாவு இல்லாத, மெத்துனு இருக்கற பக்கத்துல துணியை நீளவாக்குல கத்தரியால வெட்டி, உள்ள இருக்கற பஞ்சையும் சேர்த்துப் பிரிச்சு விடுங்க. மேல்துணியை மட்டும் வெட்டிட்டுப் பஞ்சை விட்டா பாதி வேலைதான், வியர்வையும் ரத்தமும் காய்ஞ்ச பஞ்சு கயிறு மாதிரி இறுக்கும். சிலாப் அப்படியே கையிலேயே இருக்கட்டும். இந்த நிலைமையில கையை ரொம்ப உயரத் தூக்காம நெஞ்சு மட்டத்துல வெச்சுக்கிட்டு 108-லயோ ஆட்டோவுலயோ கிளம்புங்க.

மாவு சில நிமிஷத்துல இறுகிடும், ஆனா முழுசா காய ரெண்டு மூணு நாள் ஆகும். மழைக்காலத்துலயும் கடலோர ஊர்லயும் இன்னும் இழுக்கும். அதுவரைக்கும் போர்வை போட்டு மூடாதீங்க, ஃபேன் காத்துல விடுங்க. தூக்கும்போது விரல் நுனியால பிடிக்காம உள்ளங்கையால தாங்குங்க. ஈர மாவுல விரல் அமுங்கின பள்ளம் உள்பக்கம் மேடாகி, அதே இடத்துல தோல் புண்ணாகும். காய்ஞ்சிருச்சான்னு தெரிஞ்சுக்க, பானை வாங்கும்போது பாக்கற மாதிரி தட்டிப் பாருங்க. ஈரமா இருந்தா மொத்துமொத்துன்னு கேக்கும், தொட்டா ஜில்லுனு சாம்பல் நிறமா இருக்கும். காய்ஞ்சா வெள்ளை வெளேர்னு ஆகி, சத்தம் கணீர்னு வரும்.

நாலுமுழம்

அரிப்புக்கு ஈஸியான வழி: நீள ஸ்கேல், இல்லன்னா பின்னலூசியில துணி சுத்தி மெல்ல விட்டுச் சொறியலாம். டால்கம் பவுடர் கொட்டினாலும் நல்லா கேக்கும்.

இரவுப்பணி

மேலே சொன்ன இரண்டையும் செய்யாதீர்கள்.

கட்டுக்குள் இருக்கும் தோல் நாலைந்து நாளிலேயே வியர்வையில் ஊறி மெலிந்துவிடும். ஸ்கேல் முனை லேசாக உரசினாலே சிராய்ப்பு. வெளியே தெரியாது, காற்றும் படாது, அப்படியே சீழ் வைக்கும். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் வலியே தெரியாமல் புண் ஆழமாகப் போகும். சொறியும்போது பஞ்சு சுருண்டு உள்ளே ஒரு முடிச்சாக நிற்பதும் உண்டு, அந்த முடிச்சு அழுத்தும் இடத்தில் இன்னொரு புண். பவுடர் வியர்வையில் கலந்து பசையாகி, காய்ந்து, மணல்போல் அறுக்கும்.

அரிப்புக்குச் செய்யக்கூடியவை: முடி உலர்த்தும் டிரையரைக் *குளிர்ந்த காற்றில்* வைத்துக் கட்டின் வாய்வழியே ஊதுவது. சூடான காற்று வேண்டாம், உள்ளே சுட்டுவிடும். கட்டின் மேல் விரலால் தட்டலாம். ஐஸ் கட்டிகளைக் கனமான பாலிதீன் பையில் போட்டு, துணி சுற்றி, 15 முதல் 20 நிமிடம் கட்டின் மேல் வைக்கலாம், வீக்கத்துக்கும் நல்லது. ஈரம் மட்டும் கசியக் கூடாது. தூக்கத்தையே கெடுக்கும் அரிப்பென்றால் மருத்துவரிடம் மாத்திரை கேளுங்கள். ஒரே புள்ளியில் எரிச்சல் தொடங்கி, இரண்டு நாளில் திடீரென்று அதுவாகவே நின்றுபோனால் மகிழ வேண்டாம். தோல் உரிந்து மரத்திருக்கலாம். அதோடு வாடையோ, கட்டின் மேல் கறையோ, காய்ச்சலோ சேர்ந்தால் கட்டைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

நம் வீடுகளில் இன்னொரு தொல்லை எறும்பு. சோற்றுப் பருக்கை, முறுக்குத் தூள், காப்பித் துளி எது விழுந்தாலும் இரவில் வரிசை கட்டி உள்ளே போய்விடும். சாப்பிடும்போது கட்டின் மேல் ஒரு துண்டைப் போர்த்துங்கள். எறும்புப் பொடியைக் கட்டைச் சுற்றித் தூவாதீர்கள். படுக்கும் கட்டிலின் கால்களை நீர்க் கிண்ணத்தில் வைக்கும் பழைய வழியே போதும்.

குளியல்: கடையில் தரும் கேரிபேக்கின் அடி மடிப்பில் பெரும்பாலும் ஓட்டை இருக்கும். முதலில் தண்ணீர் ஊற்றிச் சோதித்துவிட்டு, இரண்டு பைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். கட்டு முடியும் இடத்துக்கு மேலே கையைச் சுற்றி ஒரு சிறு துண்டு, அதன்மேல் பையின் வாய், அதன்மேல் அகலமான டேப். ரப்பர் பேண்ட் வேண்டாம், கழற்ற மறந்தால் கை நீலம் பாரிக்கும். மக்கில் மொண்டு ஊற்றும்போது கையைத் தொங்கவிட்டால் தோளிலிருந்து வழிகிற தண்ணீர் நேரே பையின் வாய்க்குள் போகும். விரல் மேலே பார்க்க உயர்த்திப் பிடித்தால் பையின் வாய் கீழே பார்க்கும், தண்ணீர் வெளியே வழிந்துவிடும். குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தே குளிப்பாட்டுங்கள். இன்னொரு முறை வழுக்கினால் ஊன்ற ஒரு கைதான் இருக்கிறது. முதல் மூன்று நாள் உடம்பைத் துடைத்துவிட்டாலே போதும்.

அடுத்த வாரம் ஃபைபர் கட்டு போட்டால் "தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது" என்று யாராவது சொல்வார்கள். ஃபைபருக்கு ஒன்றும் ஆகாதுதான். அதற்கடியில் இருக்கும் பஞ்சு குடித்த தண்ணீர் வெளியே வராது. பாத்திரம் தேய்த்து ஊறிய கைபோலத் தோல் வெளுத்து, சுருங்கி, உரியும்.

வாசல்படி

ரொம்ப நன்றி. மோதிரம் எடுத்தாச்சு, தேங்கா எண்ணெயிலேயே வந்துடுச்சு. நகம் அழுத்திப் பாத்தேன், நிறம் உடனே திரும்புது. ஆனா ராத்திரி கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணும் மரத்துப்போய் ஊசி குத்தற மாதிரி இருந்துச்சாம். சுண்டுவிரல்ல ஒண்ணும் இல்ல. எந்திரிச்சு உக்காந்து கையைத் தூக்கி வெச்சதும் குறைஞ்சிருக்கு. இன்னொண்ணு, உள்ளங்கைப் பக்கம் கட்டோட விளிம்பு உரசுது.

கட்டறை

சுண்டுவிரலை விட்டுட்டு அந்த மூணு விரல் மட்டும் மரத்துப்போறது ஒரு குறிப்பு. மணிக்கட்டு முன்பக்கம் ஒரு குறுகலான குழாய் வழியா போற நரம்பு அழுந்துது. அந்த நரம்பு கட்டைவிரல்லேர்ந்து மோதிரவிரல்ல பாதி வரைக்கும் உணர்ச்சி கொடுக்குது. வீக்கத்துலயும் ஆகும், எலும்பைச் சேர்க்கும்போது மணிக்கட்டை ரொம்பக் கீழ மடக்கிக் கட்டினாலும் ஆகும். தூக்கி வெச்சா குறையுதுன்னா இன்னிக்கே காட்டிடுங்க, துணியைத் தளர்த்திச் சுத்துவாங்க. குறையாம நிரந்தரமா மரத்துப்போனா, வலியும் சேர்ந்து ஏறினா, அது மேல சொன்ன அவசரக் கணக்குதான், அப்பவே போகணும். "மரத்துதான் போகுது, வலிக்கலையே"ன்னு விடற ஆளுங்கதான் பின்னாடி சட்டைப் பொத்தான் போட முடியாம கஷ்டப்படறாங்க.

போகும்போதே உள்ளங்கை விளிம்பையும் காட்டுங்க. கைரேகை பாக்கறவங்க இருதய ரேகைன்னு சொல்றது விரல்களுக்குக் கீழ குறுக்கே ஓடுமே, கட்டு அந்த ரேகைக்கு முன்னாடியே நின்னுடணும். ரேகையைத் தாண்டி விரல் பக்கம் வந்திருந்தா விரல் தொடங்கற இடத்து முட்டி மடங்காது. ஆறு வாரம் மடங்காத முட்டி அதுக்கப்புறம் லேசுல மடங்காது. கட்டைவிரல் நுனி சுண்டுவிரல் நுனியைத் தொட முடியுதான்னும் பாருங்க. ரெண்டுல எது முடியலன்னாலும் விளிம்பைச் செதுக்கித் தரச் சொல்லிக் கேளுங்க, அஞ்சு நிமிஷ வேலை. வீட்டுல பிளேடு வெச்சு நீங்களே வெட்ட வேண்டாம்.

சொரசொரப்பு மட்டும்தான் பிரச்சினைன்னா, மாவு நல்லா காய்ஞ்சப்புறம் மெடிக்கல்ல விக்கற ஒட்டு டேப்பை ரெண்டு அங்குலத் துண்டா வெட்டி, முனையை வட்டமா கத்தரிச்சு, பாதி உள்ள பாதி வெளியேன்னு விளிம்புல ஒட்டுங்க. ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் ஏறியிருக்கணும், பூவிதழ் மாதிரி. முனை சதுரமா இருந்தா சுருண்டு எழும்பிடும். துருத்திக்கிட்டு இருக்கற பஞ்சை மட்டும் பிடுங்காதீங்க.

முக்கியமா ஒண்ணு: ஒரு வாரத்துலயும் ரெண்டாவது வாரத்துலயும் எக்ஸ்ரேக்கு வரச் சொல்லியிருப்பாங்க. வலி இல்லையேன்னு தவிர்க்காதீங்க. வீக்கம் வத்தினதும் கட்டு லொடலொடன்னு ஆகும், சேர்த்து வெச்ச எலும்பு அப்பதான் சத்தமில்லாம பழைய வளைவுக்குப் போகும். மூணு வாரத்துக்குள்ள தெரிஞ்சா திரும்பச் சேர்க்கறது சுலபம். அதுக்கப்புறம் கோணலாவே ஒட்ட ஆரம்பிச்சுடும்.

தோள்பட்டை

சொந்தக்காரர்கள் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. விரலை அசைத்தால் இந்த எலும்பு விலகாது. அசைக்காவிட்டால்தான் தொல்லை. மணிக்கட்டு முறிவில் எலும்பு அழகாக ஒட்டியும் கை உதவாமல் போவதற்குப் பெரும்பாலும் விரைத்த விரல்களும் இறுகிய தோளும்தான் காரணம்.

விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொருமுறை, ஒவ்வொன்றும் பத்துத் தடவை:

விரல்களை முழுக்க நீட்டி ஆசீர்வாதம் செய்வதுபோல் நிமிர்த்துவது. முட்டியில் மட்டும் மடக்கி, விரல்களை நேராக வைத்து, கூரைச் சரிவுபோல் பிடிப்பது. முட்டியை நேராக வைத்துக்கொண்டு விரல் கணுக்களை மட்டும் கொக்கியாக மடக்குவது. முழு முஷ்டி. விரல்களை விரித்துச் சேர்ப்பது. கட்டைவிரலால் மற்ற நான்கு விரல் நுனிகளையும் வரிசையாகத் தொடுவது, தாளம் எண்ணுவதுபோல. முதல் இரண்டு நாள் முழு முஷ்டி வராது, வந்தவரை போதும். இடது கையால் பிடித்து நெரித்து மடக்க வேண்டாம்.

கட்டு முழங்கைக்குக் கீழேயே முடிவதால் முழங்கையையும் விடாதீர்கள், மடக்கி நீட்டச் சொல்லுங்கள். தோளுக்கு, தலைக்கு மேல் உத்தரத்தைத் தொடுவதுபோல் கையைத் தூக்குவது, ஒரு வேளைக்குப் பத்து வீதம் நாலு வேளை. வீக்கம் குறைந்ததும் தூளியை நாள் முழுக்க மாட்டி வைக்காதீர்கள். வெளியே போகும்போது போதும், தூங்கும்போது வேண்டாம். இந்த வயதில் மூன்று வாரம் தூளியிலேயே கிடந்த தோளை மீட்க மூன்று மாதம் பிடிக்கும்.

இதெல்லாம் செய்தும் இரண்டு மூன்று வாரம் கழித்துக் கை எரிச்சலோடு சிவந்து, பளபளவென்று வீங்கி, தொட்டாலே கூசினால் உடனே காட்டுங்கள். முறிவின் அளவுக்குப் பொருந்தாத அந்த வலி தனி நோய், சீக்கிரம் பிடித்தால் அடக்கலாம். இன்னொன்று அபூர்வம்தான், ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை: மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் ஒருநாள் திடீரென்று கட்டைவிரலை மேலே தூக்க முடியாமல் போகலாம். பெரிய வலிகூட இருக்காது. அதை நிமிர்த்தும் தசைநார் எலும்பின் மேட்டில் உரசித் தேய்ந்து அறுந்திருக்கும். எண்ணெய் போட்டு நீவிக்கொண்டு இருக்காமல் அறுவை மருத்துவரிடம் போங்கள்.

நாலுமுழம்

ஸ்கேல் விஷயம் தெரியாம சொல்லிட்டேன், மன்னிக்கணும். ஒரு கேள்வி: பிரண்டை, ஆட்டுக்கால் சூப் கொடுத்தா சீக்கிரம் கூடுமா? புளி ஆகாதுன்னும் சொல்றாங்களே?

இரவுப்பணி

புளிக்கும் எலும்புக்கும் பகை இல்லை. பிரண்டையைப் புளி சேர்க்காமல் துவைத்தால் நாக்கும் தொண்டையும்தான் அரிக்கும். நெய்யில் வதக்கித் துவையலாகத் தாராளமாகச் சாப்பிடட்டும், மருத்துவர் கொடுத்த மாத்திரையை அதற்காக நிறுத்த வேண்டாம். ஆட்டுக்கால் சூப்பில் ருசிதான் அதிகம், கால்சியம் குறைவு. இந்த வயதுப் பெண்களுக்கு நாளுக்குச் சுமார் 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 200 மில்லி பாலில் ஏறக்குறைய 240, நூறு கிராம் கேழ்வரகு மாவில் 300-க்கு மேல். முட்டை, பருப்பு, மீன் என்று புரதமும் குறையக் கூடாது. வீட்டில் பலர் "கை ஒடிஞ்சவங்களுக்கு லேசா கொடுப்போம்" என்று ரசம்சாதத்திலேயே ஆறு வாரத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்திருக்கிறது. 63 வயதில் அது எலும்பு மெலிந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். கட்டுக்கு மறுமுறை போகும்போது எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் வைட்டமின் டி அளவும் பார்க்க வேண்டுமா என்று நீங்களாகவே கேளுங்கள். பார்க்காமல் விட்டால் அடுத்த முறை இடுப்பெலும்பாக இருக்கலாம்.

வாசல்படி

துணியைத் தளர்த்திச் சுத்திட்டு வந்தோம், மரமரப்பு போயிடுச்சு. விளிம்பையும் ரேகை வரைக்கும் செதுக்கிக் கொடுத்துட்டாங்க. கடைசியா, கட்டு பிரிக்கற அன்னிக்கு என்ன எதிர்பார்க்கணும்? அம்மா கேக்கறது ஒரே கேள்வி, திரும்பக் கோலம் எப்ப போடலாம்?

கட்டறை

ரம்பம் பாத்துப் பயப்படுவாங்க, முன்னாடியே சொல்லி வைங்க. அது சுத்தாது, பக்கவாட்டுல அதிர மட்டும்தான் செய்யும். கெட்டியா இருக்கற மாவை வெட்டும், அசைஞ்சு கொடுக்கற தோலை வெட்டாது. ஆனா ஓடஓடத் தகடு சூடாகும். சுடுதுன்னா வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்க, பொறுத்துக்க வேண்டாம். உள்ள தோல் செதில் செதிலா, முடி வளர்ந்து, கை மெலிஞ்சு இருக்கும். வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் ஊறவெச்சுத் தேங்கா எண்ணெய் தடவினா நாலஞ்சு நாள்ல தானா உதிரும். பீர்க்கங்கா நாரைப் போட்டுத் தேய்க்காதீங்க.

தோள்பட்டை

அன்றைக்கே மணிக்கட்டு மடங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், கட்டை மாதிரிதான் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் நிறைந்த பேசினுக்குள் பஞ்சைப் பிழிவதில் தொடங்குங்கள். மேலும் கீழும் அசைப்பது முதலில் வரும். கடைசியாக வருவது கோயிலில் திருநீறு வாங்கும்போது உள்ளங்கையை மேலே திருப்புகிறோமே, அது. முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டுதான் அதைப் பழக வேண்டும். இல்லாவிட்டால் தோள் திரும்பி ஏமாற்றும். யாரிடமும் கொண்டுபோய் உருவவோ இழுக்கவோ கொடுக்காதீர்கள். சப்பாத்தி மாவு பிசைவது, துணி பிழிவது, குடம் தூக்குவது எல்லாம் மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துச் சரி என்ற பிறகு. கட்டு பிரித்து இன்னும் ஆறு வாரமாவது தள்ளித்தான் அதை நினைக்க வேண்டும்.

கோலத்துக்கு அவ்வளவு நாள் வேண்டாம். மாவைச் சிட்டிகை பிடிக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் வேண்டும், அவை கட்டுக்கு வெளியேதான் இருக்கின்றன. மூன்றாவது வாரத்திலிருந்தே ஒரு தட்டில் மாவை வைத்து மேசைமேல் புள்ளி வைத்துப் பழகட்டும், விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. தட்டில் மட்டும். குனிந்து எழக் கை ஊன்ற வேண்டிவரும், வாசல் ஈரமாகவும் இருக்கும்.